வெறும் சளிதான் என்று நான் சொன்னேன்

அன்பு மகள் லீதியாவுக்கு,

நீ உன் பாப்பாவோடு மூன்றாவது மாடியில் இருக்கிறாய். நான் கீழே, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இருமுகிறவர்கள் குழந்தைகள் வார்டுக்குள் வரக்கூடாது என்று படிக்கட்டு ஓரத்தில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அப்படி ஒட்டாமல் இருந்திருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். சனிக்கிழமை நீ சொன்னது எனக்குப் போதும். "நைனா, நீ உள்ள வராத" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வேற்று ஆளிடம் வழி சொல்வதுபோலச் சொன்னாய். போன் செய்யலாம் என்று கையில் எடுத்தேன். பேச ஆரம்பித்தால் எனக்கு இருமல் வரும். அந்தச் சத்தத்தை இப்போது நீ கேட்கக்கூடாது. அதனால் எதிர்க்கடையில் ஒரு நோட்டு வாங்கி எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை. பாப்பாவுக்கு ஆக்சிஜன் வைத்து இது மூன்றாம் நாள்.

காலையில் மாப்பிள்ளை சாமுவேல் கீழே வந்தார். நேற்றைவிட ஆக்சிஜனைக் கூட்டியிருக்கிறார்கள் என்றார். நாளைக்கும் இப்படியே இருந்தால் தொண்டை வழியாகக் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஏழு வாரக் குழந்தை, நாலு வாரம் முந்திப் பிறந்த குழந்தை. அவள் தொண்டை எவ்வளவு இருக்கும்? என் சுண்டுவிரல் போகுமா? இதை நினைத்தால் எனக்கு எழுத்து ஓட மாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் எழுந்து எங்கேயாவது போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது.

நடந்ததை நீயும் அறிவாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். எட்டு நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை, சித்தூரில் ஆராதனை முடிந்ததும் நேராக பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமையே எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது. அந்த வாரம் முழுக்க நம் மெடிக்கல் ஷாப்பில் அதே கூட்டம்தான். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருமல் சிரப் கேட்டு வந்த அம்மாக்கள். நான் கவுண்டரில் குனிந்து அந்தக் குழந்தைகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். முப்பது வருடமாக அப்படித்தான் கேட்கிறேன். அவர்களில் யாரிடமிருந்தோ எனக்கு ஒட்டியிருக்க வேண்டும்.

அலிபிரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் உன் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே நீ கவனித்துவிட்டாய். "சளியா நைனா? மாஸ்க் போட்டுக்கினு பாப்பாவைத் தூக்கு" என்றாய். நான் சிரித்தேன். பையைத் திறந்து கொரோனா கிட்டை எடுத்துக் காட்டினேன். காலையில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, உனக்குக் காட்டுவதற்கென்றே அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தேன். "ஒத்தைக் கோடுதான் வந்துச்சி, பாரு. வெறும் சளிதான், ஒண்ணுமில்ல" என்றேன். நீ அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். சத்தியவேடு பக்கத்துக் கம்பெனியில் இத்தனை வருடம் தரம் பார்க்கிற வேலை செய்தவள் நீ. சந்தேகப்படுவதுதான் உன் வேலை. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாய். நான் அதற்குள் கையை நீட்டிவிட்டேன். நைனாவுக்குத் தெரியாததா என்று நினைத்துத்தான் நீ பாப்பாவை என் கையில் கொடுத்தாய்.

ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். மூக்கு ஒழுகும்போதெல்லாம் தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். அதே துண்டின் மேல் அவள் கன்னம் இருந்தது. அதே கையால் அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன், உன் அம்மாவின் விரல் என்று சொன்னேன். நெற்றியில் முத்தம் கொடுத்தேன். ஜெபம் பண்ணும்போது அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். அந்தக் கிட் கொரோனாவுக்கு மட்டும்தான் பதில் சொல்லும், மற்ற எதற்கும் அதற்கு வாய் இல்லை என்று எனக்குத் தெரியாதா? அந்த அட்டைப்பெட்டிகளை எண்ணி அடுக்கி விற்றவன் நான். தெரியும். தெரிந்ததை நான் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நீ போன் செய்தாய். பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமல் என்றாய். உப்புத் தண்ணீர்ச் சொட்டு விடச் சொன்னேன். அதில் தவறில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி செய்தாய். அப்போது கடையில் ஆள் இருந்தது. ஒரு கையால் மாத்திரை எடுத்துக்கொண்டே பேசினேன்.

"ரெண்டு வாட்டி சப்பிட்டு விட்டுடுறா நைனா. பால் குடிக்க மாட்டேங்குறா. மூச்சு வாங்குற மாதிரி இருக்குது."

"மூக்கு அடைச்சிக்கினு இருந்தா எந்தக் குழந்தையும் அப்பிடித்தான். ஜுரம் இருக்குதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? ஜுரம் இல்லன்னா பயமில்ல. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

நீ விடவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் காட்டிடட்டுமா" என்று கேட்டாய். அங்கே போனால் இல்லாத நோயெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், வீட்டிலேயே இரு என்றேன். அந்த ஒரு நாளை நான்தான் உன்னிடமிருந்து பிடுங்கினேன். சனிக்கிழமை காலை பாப்பாவின் விலா எலும்புக்குக் கீழே தோல் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிவதையும், உதட்டைச் சுற்றி நிறம் மங்குவதையும் நீ பார்த்தாய். எனக்குப் போன் செய்யவில்லை. ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிட்டாய். நீ என்னைக் கேட்காமல் செய்ததால்தான் அவள் இன்று உயிரோடு இருக்கிறாள். சாமுவேல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது டாக்டரம்மா உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா, குழந்தையை யார் தூக்கினார்கள் என்று தெலுங்கில் கேட்டார். நான் உனக்குப் பின்னால் கதவருகே நின்றிருந்தேன். "மா நாயனகு" என்றாய். எங்கள் அப்பாவுக்கு. நீ திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நீ திரும்பினாய். அப்போது சொன்னதுதான், உள்ளே வராதே என்று.

மறுநாள் டாக்டரம்மா வீட்டுக்குப் போகும்போது நான் ஓடிப்போய், தள்ளி நின்று கேட்டேன். மாஸ்க் போட்டிருந்தேன். நான் யார் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் நின்று பதில் சொன்னார். பாப்பாவுக்கு வந்திருப்பது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். எனக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். என்னைப் போன்ற பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது வெறும் சளியாகவே வந்து போய்விடுமாம், வேறு உடம்புத் தொல்லை உள்ளவர்களைத்தான் பாடாய்ப் படுத்துமாம். கைக்குழந்தைக்கு நெஞ்சுக்குள் கடைசியாகப் பிரியும் மூச்சுக்குழாய்கள் நூல் தடிமன்தான் இருக்கும். அவை வீங்கிச் சளி அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழி இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஏறிக்கொண்டே போகும், அப்புறம்தான் இறங்கும். வைரஸைக் கொல்ல மருந்து கொடுப்பதற்கில்லை. ஆக்சிஜனும் பாலும் கொடுத்து, குழந்தையின் உடம்பே அதைத் தாண்டி வரக் காத்திருக்க வேண்டும். ஆண்டிபயாடிக் இதற்கு உதவாது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முப்பது வருடமாக இதே மாதிரி இருமலுக்கு எத்தனை குழந்தைகளுக்கு ஆண்டிபயாடிக் சிரப்பைக் குலுக்கிக் கொடுத்திருப்பேன்.

ஜுரம் இல்லையே, அதனால்தான் நான் பயப்படவில்லை என்று சொன்னேன். இத்தனை சின்னக் குழந்தைக்கு ஜுரம் வராமலே மூச்சு நின்றுபோகும் என்றார். இருமலைக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "இதைக் காதால் கேட்டு யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மூக்கிலிருந்து எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்" என்றார். அவ்வளவு படித்த பெண் தெரியாது என்று சொல்கிறார். நான் ஒரு நாளும் அந்த வார்த்தையைக் கடையில் சொன்னதில்லை.

நீ சின்னவளாக இருந்தபோது கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் வியாபாரம் பார்ப்பதைப் பார்ப்பாய். அப்போது உன்னிடம் பெருமை அடித்துக்கொள்வேன். சளி என்றால் மெதுவாக வரும், முதல் நாள் தொண்டை கரகரக்கும், இரண்டாம் நாள் தும்மல், மூன்றாம் நாள் மூக்கடைப்பு, ஆள் வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பான். ஃப்ளூ என்றால் அடித்துப் போட்டதுபோல வரும், காலையில் தறியில் நின்றவன் மத்தியானம் கண் சிவந்து, எலும்பெல்லாம் வலிக்கிறது என்று நகரியிலிருந்து வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இதெல்லாம் பொய்யில்லை. பாதிப் பேருக்கு மேல் இது சரியாகத்தான் இருக்கும். மீதிப் பேரிடம் என்ன ஆயிற்று என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சரியானவர்கள் திரும்பி வந்து கும்பிட்டார்கள். சரியாகாதவர்கள் வேறு எங்கோ போனார்கள். திரும்பி வந்தவர்களை வைத்தே நான் என்னைக் கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டேன். தமிழில் கேட்டால் ஒண்ணுமில்லம்மா, தெலுங்கில் கேட்டால் ஏம் லேதம்மா. கேட்கிற முகம் தெளிந்துவிடும். அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது நாகலாபுரத்தில் உன் சித்தப்பாவின் கல்யாணத்துக்கு வேன் வைத்துப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்று எனக்குக் கடுமையான ஃப்ளூ. ஸ்வெட்டரைப் போட்டு மூடிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தச் சொல்லி, வேனின் நடுவில் உட்கார்ந்து வந்தேன். உன் அம்மா வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னாள். அண்ணன் போகாமல் தம்பி கல்யாணமா என்று அவளை அடக்கிவிட்டேன். மூன்று நாளுக்குள் அந்த வேனில் வந்த பதினான்கு பேரில் பதினொரு பேர் படுத்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்குப் போன வீட்டில் ஆளுக்கொரு போர்வையில் கிடந்தார்கள். அதை எத்தனை வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உன் சித்தப்பா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் போர்வை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்பான். அந்த வேனில் உன் அத்தை ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கர்ப்பிணிக்கு ஃப்ளூ எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அப்போதே தெரியும். தேவகிருபை என்றோம், அதோடு விட்டுவிட்டோம். அன்றைக்கு நம் வீட்டில் ஒருவர் செத்திருந்தால் நான் பாடம் படித்திருப்பேனோ என்னவோ.

ஆனால் ஒருவர் செத்தும் நான் படிக்கவில்லை, லீதியா. அதைத்தான் இப்போது எழுத வேண்டும். இதற்காகத்தான் நோட்டு வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

கொரோனா இரண்டாவது அலையில் உன் அம்மாவுக்கு ஜுரம் வந்தது. நீ சத்தியவேட்டில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாய். அம்மாவுக்கு வாசனை போகவில்லை. ரசத்தில் பூண்டு வாசம் வருகிறது என்று அவளே சொன்னாள். ரத்தம் பார்த்ததில் டைபாய்டு என்று வந்தது. அந்தச் சோதனை தப்பாகவும் காட்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசனை போகாவிட்டால் கொரோனா இல்லை என்று நான் தீர்மானித்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் டைபாய்டுதான் என்று சொல்லி, மூன்று நாள் டைபாய்டு மாத்திரை கொடுத்தேன். உனக்கும் அதையேதான் சொன்னேன்.

நாலாம் நாள் காலை கடையிலிருந்து விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைக் கொண்டுவந்து அவள் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று ஒன்று காட்டியது. வேறு விரலில் மாட்டினேன். தொண்ணூற்று ஒன்று. என் விரலில் மாட்டிப் பார்த்தேன், தொண்ணூற்று எட்டு. கருவியில் கோளாறு இல்லை. அந்த நேரம் நீ போன் செய்தாய். ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாய். தொண்ணூற்று ஆறு என்றேன்.

உன் அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும், மூச்சு வாங்கி வாங்கி, "புள்ளைகிட்ட மறைக்காத. அவ அப்புறம் கேப்பா" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் நீ கேட்டாய், மறுநாளும் தொண்ணூற்று ஆறு என்றேன். அப்போது எண்பத்தாறு. அன்று மாலைதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு நாளில் அவள் போய்விட்டாள். நீ ஊரடங்கு பாஸ் வாங்கி, ஒரு கம்பெனி வேனில் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் துணி சுற்றிய உடம்பைத்தான் பார்த்தாய். அங்கேயே என்னைக் கேட்டாய், "தொண்ணூத்தாறு இருக்குதுன்னு சொன்னியே நைனா?" திடீரென்று இறங்கிவிட்டது என்றேன். டாக்டர்களே எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னேன். நீ நம்பினாய். இத்தனை வருடமாக வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், அம்மாவுக்குத் திடீரென்று இறங்கிவிட்டது என்றே சொல்லி வருகிறாய். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ வந்தால் உனக்கும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் உண்மை. முழு உண்மை என்னவென்றால், மூன்று நாளாக டைபாய்டு என்று சொன்னவன் நான். தொண்ணூற்று ஒன்று என்று உன்னிடம் சொன்னால் நான் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகும். அந்த எண் தானாக ஏறிவிடும், ஏறிவிட்டால் நான் ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று காத்திருந்தேன். உன் அம்மாவின் மூச்சை வைத்துக் காத்திருந்தேன். சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமலும் ஆட்கள் போனார்கள், கட்டில் கிடைத்தும் போனார்கள். ஆனால் நீ வந்து அவள் முகத்தைப் பார்த்திருப்பாய். அவள் குரலைக் கேட்டிருப்பாய். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கொரோனா ஒன்றுதான் எமனாகத் தெரிந்தது. கடையில் எனக்கு இருமல் வந்தால் ஓடிப்போய்க் கிட்டில் பார்ப்பேன். ஒற்றைக் கோடு வந்தால் பாவமன்னிப்புக் கிடைத்ததுபோல இருக்கும். அப்புறம் யார் முகத்துக்கு நேராகவும் தும்முவேன். ஒரு கொலைகாரனைத் தெரிந்துகொண்டு, மற்றவர்களையெல்லாம் நல்லவர்கள் என்று வீட்டுக்குள் விட்டேன்.

உனக்கு நான் புத்திமதி சொல்லும் தகுதியை இழந்துவிட்டேன். ஆனாலும் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அது என் வார்த்தை இல்லை, அதனால் நம்பலாம். இந்த ஆர்.எஸ்.வி. வந்தவர்கள் தங்களுக்கு வந்திருப்பது தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரப்புவார்களாம், பிறகு ஒரு வாரம் வரைக்கும். சின்னக் குழந்தைகள் அதற்கு மேலும் பரப்பும். காற்றில் மட்டும் இல்லை, கையிலும் துணியிலும் கட்டில் கம்பியிலும் அது தங்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவினாலே பாதி போகும். ஃப்ளூவும் கொரோனாவும்கூட ஆள் படுப்பதற்கு முந்தின நாளே ஒட்டுமாம். அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று வாசலில் நின்று சொல்கிறவனுக்குத் தன்னைப் பற்றியே தெரியாது என்று வைத்துக்கொள். சபையிலிருந்து பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ண வருவார்கள். போதகரே வந்தாலும் மூக்கு ஒழுகினால் வாசலிலேயே நிறுத்து. என்ன பெண் இவள் என்று பேசுவார்கள். பேசட்டும். அன்றைக்கு என்னிடம் நீ மரியாதை பார்த்ததால்தான் இன்று மூன்றாவது மாடியில் இருக்கிறாய்.

இன்னொன்று. அவள் வீட்டுக்கு வந்த பிறகு, வருவாள், ஆண்டவர் கொண்டுவருவார், எப்போது இருமல் வந்தாலும் சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சைப் பார். கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணு. இந்த வயதில் அறுபதைத் தொட்டாலே உடனே கிளம்பு. பால் பாதியாகக் குறைந்தாலும், ஆறு மணி நேரம் துணி நனையாவிட்டாலும் கிளம்பு. யாரிடமும் போன் போட்டுக் கேட்காதே. முக்கியமாக என்னிடம் கேட்காதே. உன் வயிறு கலங்கினால் அதுவே போதும். வெள்ளிக்கிழமை உன் வயிறு கலங்கியது, அது சரியாகத்தான் கலங்கியது. நான் அதை அடக்கினேன்.

பெஞ்சுக்கு இந்தப் பக்கம் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் வந்து உட்காரப் பார்த்தது. மடியில் குழந்தை. நான் எழுந்து சுவர் ஓரமாகப் போய்விட்டேன். பத்து நாள் ஆகிவிட்டது, என்னிடமிருந்து இனி ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் என்னை நானே நம்ப மாட்டேன்.

புதன்கிழமை எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை. நேற்றுக் காலை மெஷினில் வைக்க எல்லாம் தயார் செய்துவிட்டார்கள் என்று சாமுவேல் வந்து சொன்னார், சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். ஜெபம் பண்ண எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் வரை பார்ப்போம் என்று டாக்டரம்மா காத்திருந்தாராம். மத்தியானத்துக்கு மேல் மூச்சு வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது. மெஷின் வேண்டியிருக்கவில்லை. இன்று காலை ஆக்சிஜனைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்று சாமுவேல் வந்து சொன்னார். மூக்குக் குழாயில் பால் போய்க்கொண்டிருந்தது, பதினோரு மணிக்கு அவளாகவே உன் மடியில் ஐந்து நிமிடம் குடித்தாளாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்துக்கு முன் உன் போனிலிருந்து ஒரு படம் வந்தது. பாப்பா தூங்குகிறாள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய தடம் சிவந்திருக்கிறது. அதன் கீழே, இருமல் நின்றதா நைனா என்று கேட்டிருக்கிறாய். நாலு நாளுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் வார்த்தை. எனக்கு உன்னைத் தெரியும். நீ கோபத்தை இறக்கி வைக்க இடம் தேடுகிறாய். இன்னும் இரண்டு நாளில் பாப்பாவை என் கையில் கொடுத்துவிடுவாய்.

அம்மாவைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்த தப்புகள். அதை மட்டும் எடுத்துவிட்டால் இது மன்னிப்புக் கேட்கிற கடிதமாக நன்றாகவே இருக்கும், நீயும் படித்துவிட்டு அழுதுவிட்டு என்னைக் கூப்பிட்டுவிடுவாய். அந்தப் பக்கங்களைக் கொடுக்காமல் இருந்தால் எனக்கு நீ கிடைத்துவிடுவாய் என்று தெரிகிறது. தெரிந்துதான் முழுசாகக் கொடுக்கிறேன்.

சாயந்தர பஸ்ஸில் சித்தூருக்குப் போகிறேன். நீ கூப்பிடும்வரை வர மாட்டேன், நானாகப் போனும் செய்ய மாட்டேன். சாமுவேல் படி இறங்கி வருகிறார். இந்த நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் நைனா